கைகட்டும் இடமும் நெற்றி தங்கும் நேரமும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் தொழுகைக்கு நிற்பவருக்குக் கடல் முதுகுப்பக்கம். வாவியும் அதற்கப்பால் படுவான்கரை வயல்களும் முகத்துக்கு நேரே. மேற்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை வடக்கே திரும்பினால் கஃபாவின் திசை கிடைக்கும். மே மாதக் கடைசியிலும் ஜூலை நடுவிலும் சூரியன் கஃபாவின் நேர் உச்சிக்கு வரும். அந்நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்னர், நட்டுவைத்த ஒரு குச்சியின் நிழலை வைத்தே இங்குள்ள எந்தப் பள்ளிவாசலின் கிப்லாவையும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஏறாவூர், காத்தான்குடி, பாலமுனை, காங்கேயனோடை, தெற்கே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று இந்த நீரோரத்து ஊர்களின் நாள் ஐந்து பாங்குகளால்தான் பகுக்கப்படுகிறது. கடை திறப்பதும், தறியில் உட்காருவதும், வலை இழுக்கப் போவதும், பிள்ளைகள் ஓதப் போவதும் அந்தப் பகுப்புக்குள் அடங்கும்.

இந்தத் தொழுகை எந்த மரபில் வந்தது, அதன் அளவுகோல்கள் எவை, அது மனிதருக்கு என்ன தருகிறது என்பன இன்று பேசவேண்டிய விடயங்கள். பேசவேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களில் தொழுகையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கையை எங்கே கட்டுவது, விரலை அசைப்பதா இல்லையா என்பதோடு நின்றுவிடுகிறது. இமாம்கள் எதைத் தொழுகையின் உயிர் என்று கண்டார்களோ அது அந்தச் சர்ச்சைக்குள் வருவதே இல்லை.

இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பான்மையோர் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். யெமன் கரையிலிருந்து மலபார், காயல்பட்டினம், கீழக்கரை வழியாக இந்தோனேசியா வரை கடலோரத்து முஸ்லிம்கள் பெரும்பாலும் இந்த வழியினர்தாம். மேமன் சமூகத்தார் ஹனஃபிகள். மலாய் மக்கள் நம்மைப் போலவே ஷாபிஈகள். போர்த்துக்கேயர் 1626இல் முஸ்லிம்களைத் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து துரத்தியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஏற்கெனவே இங்கிருந்தவர்களோடு அவர்களும் சேர்ந்து வளர்த்த வழிதான் நமது வழி.

ஏடுகளும் கடல்வழியேதான் வந்தன. பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய பத்ஹுல் முயீன் மதரஸாக்களில் இன்றும் ஓதிக்கொடுக்கப்படும் கிதாபு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அறபுத் தமிழில் எழுதிய சட்ட நூல்கள், அறபு படிக்காத நம் முன்னோர்கள் வுழூவின் பர்ளுகளையும் தொழுகையின் பர்ளுகளையும் தாய்மொழியில் பாடமாக்க உதவின.

மத்ஹபுகளுக்கிடையே உள்ள வேறுபாடு பலர் நினைப்பதைவிட நுணுக்கமானது. ஷாபிஈகள் ருகூவுக்குப் போகும்போதும் எழும்போதும் கையை உயர்த்துவர். ஹனஃபிகள் முதல் தக்பீரில் மட்டும் உயர்த்துவர். ஷாபிஈகள் நெஞ்சுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே கட்டுவர்; ஹனஃபிகள் தொப்புளுக்குக் கீழே கட்டுவர்; மாலிகிகளில் பலர் கட்டாமல் தொங்கவிடுவர். சுபஹில் குனூத் ஓதுவது நமக்கு வலுவான சுன்னத். விடுபட்டால் ஸஹ்வு ஸஜ்தா செய்வோம். ஹனஃபிகளுக்குக் குனூத் வித்ரில்தான். அஸரின் நேரத்திலும் வேறுபாடு உண்டு. நண்பகல் நிழலைக் கழித்து, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமானதும் நமக்கு அஸர் நேரம் வந்துவிடும். இமாம் அபூஹனீபாவின் கணக்கில் நிழல் இருமடங்காக வேண்டும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் மட்டக்களப்பில் உச்சிவேளை நிழல் இல்லாமலே போகும். அந்நாட்களில் பார்த்தால் இரண்டு கணக்குக்கும் இடையே ஒரு மணிநேரத்துக்கு மேல் இடைவெளி விழும்.

இவை வெறும் ஏட்டு விவகாரங்கள் அல்ல. காத்தான்குடி வியாபாரி கொழும்புக்குப் புறப்பட்டால் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். ஏறத்தாழ 80 கிலோமீட்டரைத் தாண்டிய பயணத்தில் ளுஹரையும் அஸரையும் சேர்த்து, சுருக்கித் தொழ ஷாபிஈ வழி இடம் தருகிறது. ஹனஃபி வழியில் பயணத்துக்காக இரண்டு வக்துகளைச் சேர்ப்பது இல்லை. நம் மக்களின் வியாபாரப் பயணங்கள் தொழுகை விடுபடாமல் நடந்துவந்ததில் இந்தச் சலுகைக்குப் பங்கு உண்டு.

இமாம் ஷாபிஈ ஒருமுறை பக்தாதில் இமாம் அபூஹனீபாவின் கப்ருக்கு அருகே சுபஹ் தொழுதபோது, அவர்மீதுள்ள மரியாதையால் குனூத் ஓதாமல் விட்டார் என்று நூல்களில் வருகிறது. கருத்தைக் கைவிடாமலே அடுத்தவருக்கு இடம்விட்டார். நாம் அந்த அளவுக்கு வளரவில்லை. காத்தான்குடியில் 2004லும் 2006லும் கொள்கைப் பிணக்கு வன்முறையாகவே வெடித்தது. அதன் வேர் தொழுகையின் வடிவத்தில் இல்லை என்பது உண்மை. ஆனாலும் அடுத்தவரின் பின்னால் நின்று தொழமாட்டேன் என்கிற மனம்தான் அத்தகைய நெருப்புக்கு விறகாகிறது.

இமாம்கள் எதை உயிர் என்று கண்டார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். ஷாபிஈ நூல்கள் சிலவற்றில் தொழுகையின் பர்ளுகள் 13, சிலவற்றில் 17. நாலு எங்கிருந்து கூடியது? ருகூஉ, அதிலிருந்து நிமிர்ந்து நிற்கும் இஃதிதால், ஸுஜூத், இரண்டு ஸுஜூதுகளுக்கிடையிலான இருப்பு ஆகிய நான்கிலும் உறுப்புகள் முழுமையாக அமைதிக்கு வரவேண்டும். துமானீனத் எனப்படும் அந்த அமைதியைத் தனித்தனிப் பர்ளாக எண்ணினால் 17. அந்தந்த நிலையின் தன்மையாக எண்ணினால் 13. இரண்டு கணக்கிலும் அது இல்லாமல் தொழுகை இல்லை. மாலிகி, ஹன்பலி வழிகளும் இதைப் பர்ளு என்றே சொல்கின்றன. ஹனஃபியில் அது வாஜிபு. அந்த மத்ஹபின் பெரிய இமாமான அபூயூஸுஃபும் அதைப் பர்ளு என்றார். அவசரமாகத் தொழுதுவிட்டு வந்த ஒருவரை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மூன்று தடவை திருப்பி அனுப்பி, கடைசியில் ஒவ்வொரு நிலையிலும் அமைதியடையும்படி கற்றுக்கொடுத்த சம்பவம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. கை கட்டுவதில் நான்கு இமாம்களும் பிரிந்தார்கள். நெற்றியைத் தரையில் தங்கவிடும் விடயத்தில் ஏறத்தாழ ஒன்றாக நின்றார்கள்.

ஐந்து வக்து பர்ளிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 17 ரக்அத்துகள். ஒவ்வொரு ரக்அத்திலும் ருகூஉ, இஃதிதால், இரண்டு ஸுஜூதுகள், நடு இருப்பு என ஐந்து இடங்களில் உடல் அசைவற்று நிற்கவேண்டும். அப்படியானால் பர்ளில் மட்டும் நாளொன்றுக்கு 85 முறை மனிதன் தன் ஓட்டத்தை நிறுத்துகிறான். தொழுகையின் பயன் என்று எதையெல்லாம் சொல்கிறோமோ, அவையெல்லாம் இந்த 85 நிறுத்தங்களுக்குள் இருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

உடலுக்கான பயனை மிகைப்படுத்திப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. தொழுகை தேகப்பயிற்சியாகக் கடமையாக்கப்படவில்லை. இந்த நோயைத் தீர்க்கும், அந்த நோயைத் தீர்க்கும் என்று மேடையில் அடுக்குவது அதன் மதிப்பைக் கூட்டாது. ஆயினும் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லலாம். நாள் முழுவதும் கடையில் உட்கார்ந்திருப்பவர் ஐந்து தடவை எழுந்து நடக்கிறார், குனிகிறார், முழங்காலை மடக்கி நெற்றியைத் தரையில் வைத்து எழுகிறார். முதுமையிலும் தரையில் அமர்ந்து எழும் பழக்கம் இந்தத் தலைமுறை வரை நம்மிடம் தங்கியிருப்பதில் தொழுகைக்குப் பெரிய பங்குண்டு. சுபஹுக்கு எழுபவர் இரவில் நேரத்தோடு படுக்கிறார். முகம், கை, வாய், மூக்கு, கால் என்று வுழூ நாளுக்குப் பலமுறை கழுவவைக்கிறது. வாவித் தண்ணீரும் கடல் தண்ணீரும் அதற்குச் செல்லுபடியாகும் என்பதால் மீனவருக்குத் தோணியிலும் தடையில்லை.

முழங்கால் வலியுள்ளவர்கள் கதிரையில் தொழும் வழக்கம் இன்று எல்லாப் பள்ளிகளிலும் பெருகிவிட்டது. மூலநோயால் வருந்திய தோழர் இம்ரான் பின் ஹுஸைனுக்கு, நிற்க முடியாவிட்டால் இருந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ அனுமதி கிடைத்தது. எனவே கதிரை குற்றமல்ல. நிற்க முடிந்தவர் நிற்கவேண்டிய பகுதியை நின்றே நிறைவேற்றவேண்டும் என்ற சட்டத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

உள்ளத்தின் பக்கத்தை இமாம் கஸ்ஸாலியைவிட ஆழமாகச் சொன்னவர் குறைவு. அவரும் ஷாபிஈ வழியினரே. தம் இஹ்யா நூலில் தொழுகையின் உள்ளுயிராக அவர் ஆறு விடயங்களைக் காட்டுகிறார்: உள்ளம் அங்கே இருத்தல், ஓதுவதன் பொருளை விளங்குதல், மகிமையை உணர்தல், பயபக்தி, ஆதரவு வைத்தல், வெட்கம். இந்த வரிசையில் உள்ளம் அங்கே இருப்பதுதான் முதலில் வருகிறது. உடலே நிற்காதபோது உள்ளம் எங்கே நிற்கும்? கடன், வழக்கு, வெளிநாட்டில் இருக்கும் மகனின் நினைப்பு என்று எல்லாம் தக்பீருக்குப் பின்னாலும் வரத்தான் செய்யும். ஸுஜூதில் சற்றுக் கூடுதலாகத் தங்குபவர்களுக்கு அவை கொஞ்சம் விலகி நிற்பது தெரியும். அழவேண்டியதை அங்கேயே அழுது முடித்துவிட்டு எழுந்து வரும் பெண்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர்.

பெண்களைப் பற்றி நம் சிறப்பு மலர்களில் எழுதுவது குறைவு. இப்பகுதியில் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குத்தான் போகிறது. உம்மாவும் சாச்சிமாரும் சகோதரிகளும் அடுத்தடுத்த வளவுகளில் வாழும் தாய்வழி ஊர்கள் இவை. ஆகவே பிள்ளைக்கு முதலில் தொழுகை சொல்லிக்கொடுப்பதும், ரமழான் இரவுகளில் ஒரு வீட்டில் கூடித் தராவீஹ் தொழுவதும் பெண்களின் கையில்தான் இருந்துவந்திருக்கிறது. பள்ளிவாசலின் ஜமாஅத்தை மட்டும் பார்த்து ஊரின் தொழுகையை அளப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

ஜமாஅத்தின் சமூகப் பயனுக்கு இங்கு ஒரு தனி வடிவம் உண்டு. வாவிக்கரை ஊர்களில் தாய்வழிக் குடிகள் இருந்தன. குடிக்கொரு மரைக்கார் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்ந்தார். குடிகளுக்குள் வரிசை, மரியாதை, முந்தல் பிந்தல் எல்லாம் இருந்தன. தொழுகை வரிசையான ஸஃப்பில் மட்டும் அவற்றுக்கு இடமில்லை. முன்னால் வந்தவருக்கு முன்வரிசை. ஜும்ஆவுக்கு ஊரில் நிரந்தரமாக வாழும் 40 ஆண்கள் வேண்டும், தேவையின்றி ஓர் ஊரில் பல ஜும்ஆக்கள் நடத்தக்கூடாது என்பது ஷாபிஈ அளவுகோல். ஹனஃபியில் இமாமோடு மூவர் போதும். நமது அளவுகோல் கிழமைக்கு ஒருமுறையாவது ஊர் முழுவதையும் ஒரே மிம்பருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. கோபித்துக்கொண்டவர்களும் தோளோடு தோள் உரச வேண்டியிருந்தது. சனத்தொகை பெருகியதால் ஜும்ஆக்கள் பலவாவது தவிர்க்க முடியாதது. கொள்கைக்கொரு ஜும்ஆ என்றாகும்போதுதான் நாம் எதையோ இழக்கிறோம்.

அந்த ஸஃப்பிலேயே இரத்தம் சிந்திய ஊர் காத்தான்குடி. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு, மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யா பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் இருந்தவர்கள்மீது விடுதலைப் புலிகள் துப்பாக்கியால் சுட்டனர். சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். சில நாட்களில் ஏறாவூரிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மீரா பள்ளியின் சுவரில் அந்தக் குண்டுத் துளைகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. தொழுகையின் சமூகப் பயன் என்று எதைச் சொன்னாலும், அந்தச் சுவருக்குள் மக்கள் திரும்பவும் வந்து வரிசையாக நின்றார்கள் என்பதைவிடப் பெரிதாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. வாப்பாவை இழந்த பிள்ளைகள் வளர்ந்து அதே தரையில் நெற்றி வைத்தார்கள்.

ஜனாஸாத் தொழுகையும் அப்படித்தான் ஊரைத் தாங்கியது. கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்ற கட்டாயம் நீங்கி, 2021 மார்ச்சில் ஓட்டமாவடி பிரதேசத்தின் சூடுபத்தினசேனையில் அடக்கம் தொடங்கியது. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் 3000க்கும் மேற்பட்ட உடல்கள் அங்கு வந்தன. ஊராரின் கடமையான பர்ளு கிஃபாயாவை அப்பகுதி மக்கள் முகம் அறியாதவர்களுக்காக மாதக்கணக்கில் நிறைவேற்றினார்கள். வேற்று மதத்தவர்கள் சிலரின் உடல்களும் அங்கே மண்ணுக்குள் இடம்பெற்றன.

ரமழான் வரும்போது தராவீஹ் எட்டா இருபதா என்ற பழைய வழக்கு மீண்டும் எழும். நான்கு மத்ஹபுகளின் பெருவழி இருபது. எட்டுத் தொழுபவர்களுக்கும் ஹதீஸ் ஆதாரம் உண்டு. ருகூவில் முதுகு நேராகும் முன்பே இமாம் எழுந்துவிடும் இருபதும், ஸுஜூதில் தஸ்பீஹ் முடியாத எட்டும் இருக்கின்றன. எண்ணிக்கையை ஆலிம்கள் பேசட்டும். பள்ளிவாசல் நிருவாகங்கள் இமாமிடம் கேட்கவேண்டிய ஒன்று இருக்கிறது. பின்னால் நிற்பவரும் பாத்திஹா ஓதவேண்டும் என்பது நம் மத்ஹபு. அதனால் ஆமீனுக்குப் பிறகு, மஃமூம்கள் பாத்திஹாவை ஓதி முடிக்கும் அளவுக்கு இமாம் சற்றுத் தாமதிப்பது சுன்னத் என்று ஷாபிஈ நூல்கள் சொல்கின்றன. வரும் ரமழானில் முதல் இரவிலிருந்தே அந்த இடைவெளியை விட்டுப் பார்க்கலாம். பின்வரிசையில் நிற்கும் முதியவர் மூச்சு வாங்காமல் ஓதி முடிப்பார். அவருக்குப் பக்கத்தில் நிற்கும் சிறுவனும் வல்லளாலீன் வரை வந்து சேருவான்.