விலைக்குக் கட்டம் இல்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஃபில்டர் காபி குடிக்கிறப்போ, கொட்டை ஏற்காட்டுதா, குடகுதா என்று யாரும் கேட்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் கேட்கிறது. அதன் 2023 சட்டப்படி, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்துக் காபி அங்கே விற்கக்கூடாது. 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் தோட்டத்தின் எல்லையையே வரைபடத்தில் தரணும். சின்னத் தோட்டத்துக்கு ஒரு புள்ளி போதும்.

டேட்டா மாடலாகப் பார்த்தால் சுத்தமான வேலை. ஆனா விவசாயிக்கு என்ன விலை கிடைச்சுதுன்னு எழுத அதில் கட்டமே இல்லை.

1990-கள் வரை நம்ம காபி வாரியம் எல்லார் கொட்டையையும் பொதுவில் சேர்த்து விற்று, பணத்தைப் பிரிச்சுக் கொடுத்தது. தாமதம்னு விவசாயிகள் குறைபட்டாங்க, நியாயம்தான். ஆனா அந்தக் கணக்கில் விலை இருந்தது. காட்டைக் காக்கும் செலவைச் சின்ன விவசாயி தலையில் கட்டினா, மாடல் பாதிதான் முடிஞ்சிருக்கு.