கோலாலம்பூரின் ஐந்தடிப் பாதை

கோலாலம்பூருக்குச் செல்லும் பிரயாணிகள் இரட்டைக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்து அதிசயிப்பது சகஜம். ஆனால், ஜவுளிக் கடைகள் நிறைந்த பர்கூரில் வெயிலுக்கும் வாகனங்களுக்கும் ஒதுங்கி ஒதுங்கியே நடந்து பழகிய என் போன்றவருடைய மனத்தை அந்நகரத்தில் முதலில் கவர்வது, பழைய கடைவீடுகளின் முகப்பிலே ஓடும் ஐந்தடிப் பாதைதான்.

மேல்மாடி முன்னே நீண்டு தூண்களின்மீது அமர, அதனடியில் கடைக்குக் கடை தொடர்ந்து செல்லும் இந்த நிழல்நடை, 1822இல் சிங்கப்பூருக்காக ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் விதியாகி, பின்னர் மலாய் நாட்டுக்கும் பரவியது. 1881இல் தீயினாலும் வெள்ளத்தினாலும் சிதைந்த கோலாலம்பூர் செங்கல்லும் ஓடுமாக மறுபடி எழுந்தபோது, அங்கும் இது வேரூன்றியது.

1873இல் தம்புசாமிப் பிள்ளை ஸ்தாபித்த மாரியம்மன் கோயிலின் அருகே பூமாலை தொடுப்போரைக் கடந்து, ஒரு காலத்தில் செட்டியார்கள் லேவாதேவி நடத்திய லெபோ அம்பாங் வரை நடந்து பாருங்கள். ஒரு வாசலில் பூவேலை ஓடு, அடுத்ததில் வெறும் சிமெண்டு, அதற்கும் அடுத்ததில் சிறு படி என்று, ஒவ்வொரு சொந்தக்காரருடைய சுபாவத்தையும் பாதமே உணர்ந்துவிடும். பிற்பகலில் திடீரென்று மழை கொட்டினாலும், தெருவைக் கடக்கும்போதன்றிக் குடை அவசியமில்லை.

நிலம் தனியாருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது என்னும் இந்த ஏற்பாட்டைக் காட்டிலும் நாகரிகமான நகர தர்மம் வேறொன்று உண்டோ!