பெயருக்கு முன்னால் ஒரு பட்டம்

டெல்டா பக்கம் ஓர் இலக்கிய விழா அழைப்பிதழைக் கையில் வாங்கினால், பேசப்போகிறவரின் பெயரைத் தேடிப் பிடிக்கவே கொஞ்ச நேரமாகும். கவிச்சிகரம், சிறுகதைச் செம்மல், இலக்கியச் சுடர் என்று தடித்த எழுத்தில் பட்டம். பெயர் அதன் கீழே ஒடுங்கிக் கிடக்கும். இப்போது ‘படைப்பாளி’யும் ‘கதைசொல்லி’யும் வரிசையில் சேர்ந்துகொண்டன. வெறும் ‘எழுத்தாளர்’ என்று ஒருவருக்குப் போட்டிருந்தால், நன்றியுரை அவர் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைக் குறை சொன்னால் உடனே வரும் பதில் ஒன்றுதான்: புலவருக்குப் பட்டம் சூட்டுவது தமிழ் மரபு, மடம் செய்தது, அரசர் செய்தார், சங்கம் செய்தது.

செய்தார்கள்தான். 1849-இல் திருவாவடுதுறை ஆதீனம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆறுமுகம் பிள்ளைக்கு ‘நாவலர்’ பட்டம் கொடுத்தது. அதே ஆதீனத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மகாவித்துவானாக விளங்கினார். நடுக்காவேரி வேங்கடசாமி நாட்டாரை நாவலர் என்பதற்கு, அவருடைய சிலப்பதிகார உரையைப் படித்த யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. சம்பளம் என்று ஒன்று நிலையாக இல்லாத காலத்தில் பட்டம் பிழைப்புக்கும் உதவியது.

ஆனால் மரபைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அதன் பாதியைத்தான் கூட்டி வருகிறார்கள். மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒரு தலபுராணம் பாடினால் அதை அரங்கேற்ற வேண்டும். செய்யுளைப் படித்து, பொருள் சொல்லி, சபையில் எழும் தடைக்கு விடை சொல்லியாக வேண்டும். பட்டத்துக்குப் பின்னால் அந்தச் சோதனை நின்றது. பட்டம் இன்ன வித்தைக்கு என்பதும் தெரிந்தது: ஆறுமுக நாவலர் சைவப் பிரசங்கம் செய்தார், அதற்கு நாவலர். நூறாண்டில் அந்தச் சொல் அரசியல் மேடைக்கு இடம் மாறி, திருக்கண்ணபுரத்தில் பிறந்த நெடுஞ்செழியனின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவரும் நல்ல பேச்சாளர்தான்; இன்று அழைப்பிதழ்களில் உலவும் பட்டங்களுக்கு அந்த அளவு பொருத்தம்கூடக் கிடையாது.

எழுதுகிறவருக்கு இந்த ஊர்களில் தொழிற்பெயர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சோழர் காலத்தில் அரசர் வாய்ச்சொல்லை எழுதியவர் திருமந்திர ஓலை. அதைச் சரிபார்த்தவர் திருமந்திர ஓலை நாயகம். சாசனத்தின் கடைசியில் ‘இவை இன்னார் எழுத்து’ என்று ஒப்பமிட்டார்கள். 1980-இல் பரம்பரைப் பதவி ஒழியும்வரை ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளை இருந்தார். கும்பகோணத்துப் பத்திர எழுத்தர் இன்றைக்கும் தான் எழுதிய கிரயப் பத்திரத்தின் அடியில் உரிம எண்ணோடு கையெழுத்துப் போடுகிறார். நான்கு எல்லை சொல்லும் சக்குபந்தியில் கிழக்கு மேற்கு மாறிப்போனால் கட்சிக்காரர் அவர் மேசைக்குத்தான் வந்து நிற்பார். கணக்கப்பிள்ளைகள் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. குத்தகைக்காரன் பெயரைக் கணக்கில் ஏற்றாமல் விட்டதும் அவர்கள் பேனாதான். ஆனால் விட்டது யார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. ‘இலக்கியச் சுடர்’ என்ற பெயருக்கு இப்படி எந்தப் பொறுப்பும் இல்லை. எதை எழுதியதற்காகச் சுடர் என்று யாரும் கேட்பதுமில்லை.

பட்டத்தின் மேல் உள்ள பெரிய புகார் இந்த ஆடம்பரம்கூட அல்ல. அது வாசிப்பைத் தொடங்கும் முன்பே முடித்து வைத்துவிடுகிறது.

மௌனியைப் பாருங்கள். செம்மங்குடியில் பிறந்தவர், எழுதியது இருபத்துச் சொச்சம் கதைகள். அவரைச் ‘சிறுகதையின் திருமூலர்’ என்று புதுமைப்பித்தன் சொன்னது ஒரு சக எழுத்தாளரின் கூர்மையான கணிப்பு. விவாதத்தைத் தொடங்கி வைக்கச் சொன்னது. நாம் அதைப் பட்டமாக்கிக்கொண்டோம். திருவாவடுதுறையில் அமர்ந்து மூவாயிரம் பாடியதாகச் சொல்லப்படும் திருமூலருக்கும், இரண்டு டஜன் கதைகளோடு நின்றுகொண்ட இவருக்கும் என்ன பொருத்தம் என்று கேட்க வேண்டிய இடத்தில் தலையாட்டிவிட்டு நகர்கிறோம். ‘அழியாச்சுடர்’ கதையில் எந்த வாக்கியம் நிற்கிறது, எது புகையாகக் கலைகிறது என்று எடுத்துப் பேச ஆளில்லை. திருமூலரை யார் திருத்துவது?

பாலகுமாரனுக்கு நடந்தது இன்னும் மோசம். திருக்காட்டுப்பள்ளி பக்கம் பழமார்நேரிக்காரர். டிராக்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். தொழிற்சாலை வேலைநிறுத்தத்தை ‘மெர்க்குரிப் பூக்க’ளிலும், லாரித் தொழிலின் தரகையும் அலுப்பையும் ‘இரும்பு குதிரைக’ளிலும் எழுதினார். தமிழ் நாவல் அதிகம் எட்டிப் பார்க்காத இடங்கள் அவை. பிறகு ‘எழுத்துச் சித்தர்’ ஆனார். சித்தரின் தாடிக்குப் பின்னால் லாரி செட் மறைந்துபோனது. பக்தர்கள் பாதம் தேடினார்கள், விமர்சகர்கள் பட்டத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். ‘உடையார்’ அத்தனை பாகங்கள் நீண்டதில் பட்டத்துக்குப் பங்கில்லை என்று நம்புவது கடினம். சித்தர் எழுதியதில் சிவப்பு மை ஓட்ட எந்தப் பதிப்பாளருக்குத் துணிச்சல் வரும்?

மேலே தூக்குகிற பட்டம் இப்படியென்றால், கீழே வைக்கிற பட்டமும் ஒன்றிருக்கிறது: ‘வட்டார எழுத்தாளர்’. வெண்மணிப் படுகொலையை ‘செந்நெல்’லில் எழுதிய சோலை சுந்தரபெருமாள் வட்டாரம். ‘கறிச்சோறு’ எழுதிய இடையிருப்பு சி.எம். முத்து வட்டாரம். ‘மோகமுள்’ளில் கும்பகோணத்துத் தெருவையும் அக்கிரகாரத்துப் பேச்சையும் அப்படியே இறக்கிய தி. ஜானகிராமனுக்கு மட்டும் அந்த முத்திரை விழுவதில்லை. அவர் தமிழ் எழுத்தாளர். வயல் சேற்றில் பேசினால் வட்டாரம், திண்ணையில் பேசினால் தமிழா? கால் வைத்த இடத்தைப் பார்த்து ஆளைத் தரம் பிரிக்கும் மிராசு காலத்துப் பழக்கம், விமர்சன மொழிக்குள் சத்தமில்லாமல் குடியேறிவிட்டது. பட்டம் பாராட்டுதான், அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று வாதிடுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

தஞ்சை ப்ரகாஷ் கூட்டிய எழுத்தாளர் வட்டத்துக்கு அவர் வைத்த பெயர் ‘சும்மா இலக்கியக் கும்பல்’. அந்தக் கேலி இன்றைய விழாக் குழுக்களுக்கு எட்டவில்லை. போகட்டும், அழைப்பிதழில் பட்டத்துக்கு ஒதுக்கும் இடத்தில் அவரவர் எழுதிய இரண்டு புத்தகங்களின் பெயரை அச்சடிக்கலாமே. எம்.வி. வெங்கட்ராமுக்கு ‘வேள்வித் தீ’, ‘காதுகள்’ என்று போட்டால் போதும்: கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர் தெரு ஒன்றில், மண்டைக்குள் ஓயாத குரல்கள் இன்னொன்றில். அச்சுக்கூலியும் கூடாது. அப்படி இரண்டு பெயர் கிடைக்காத சிகரங்களுக்கும் சுடர்களுக்கும் என்ன செய்வது என்பது விழாக் குழுவின் தலைவலி.