பொழுதும் நிலமும்: குறுங்கால யு.எச்.எஃப். தொலைக்காட்சி நிலையங்களின் நிகழ்ச்சி நிரலை வாசித்தல்

முன்னுரை

மலேசியத் தமிழரின் தொலைக்காட்சி வரலாற்றைப் பேசப் புகுங்கால் வழக்கமாக எழும் வினா ஒன்றுண்டு: எந்த நிலையம் தமிழுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியது? நிகழ்ச்சி நிரலை எடுத்து, தமிழ் நிகழ்ச்சிகளின் நேரத்தைக் கூட்டிப் பார்த்து, ‘கூடிற்று’ என்றோ ‘குறைந்தது’ என்றோ முடிவு கூறிவிடுகின்றோம். இம்முறை எளிது, ஓரளவு பயனும் உடையது. ஆயினும், குறுகிய காலமே வாழ்ந்து மறைந்த யு.எச்.எஃப். நிலையங்களைப் பொறுத்தமட்டில் இக்கணக்கு நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் என்பதே நம் கருத்து. மலாக்கா மாநிலத்துப் பாயா ரும்புட்டை வாசிப்பிடமாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகின்றோம்.

நிரல் என்னும் பனுவல்

இந்நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கிற்று. முதல் தனியார் நிலையமான டிவி3, 1984 ஜூன் 1ஆம் நாள் வந்தது. இரண்டாவது தனியார் நிலையமான மெட்ரோவிஷன் 1995 ஜூலை 1ஆம் நாள் தோன்றி, 1999 நவம்பர் 1ஆம் நாள் ஒளிபரப்பை நிறுத்தியது. அதன் வாழ்நாள் நான்கு ஆண்டும் நான்கு மாதமுமே. விளம்பர வருவாயைச் சுருக்கிய 1997–98 நிதி நெருக்கடி அவ்வாழ்நாளின் நடுவில் அமைந்தது. பின்னர் வந்த சேனல் 9, 2003 செப்டம்பர் 9ஆம் நாள் தொடங்கி 2005 பிப்ரவரி 1ஆம் நாள் நின்றது. அது பதினேழு மாதங்கூட நிறைவு பெறவில்லை. முன்னது 2004இல் 8டிவி எனவும் பின்னது 2006இல் டிவி9 எனவும் மறுபிறப்பெடுத்தன.

இத்தகு நிலையங்களின் அன்றாட ஒளிபரப்பை இன்று முழுமையாக மீட்டுக் காண்பது அரிது. எஞ்சுவது நாளிதழின் ஒரு மூலையில் அச்சான நிரலே. அது நேரம், தலைப்பு என்னும் இரு கூறுகளால் ஆன மிகச் சுருங்கிய பனுவல். பஞ்சாங்கத்தைப் போலவே, நிகழ்ந்ததைப் பதிவு செய்யாமல் நிகழவிருப்பதை முன்கூட்டி உரைப்பது. எனவே நிரல் என்பது ஒரு வாக்குறுதி. அவ்வாக்குறுதி யாருக்கு அளிக்கப்பட்டது, யாரைச் சென்று சேர்ந்தது என்னும் இரண்டும் வெவ்வேறு வினாக்கள். மணிக்கணக்கு முதல் வினாவுக்கு மட்டுமே விடையளிக்கின்றது.

பொழுது

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் இணைத்தே முதற்பொருள் என்கின்றது. நாளைச் சிறுபொழுது ஆறாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு திணையின் வாழ்வோடு பொருத்திக் காண்பது நம் அகமரபு. முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம். எந்தப் பொழுதும் எல்லார்க்கும் ஒன்றுபோல் அமைவதில்லை என்னும் தெளிவு இப்பகுப்பின் அடிப்படை. தொலைக்காட்சி நிரலுக்கும் இத்தெளிவு வேண்டும்.

பால்மரத் தோட்டத்தின் நாளை எண்ணிப் பார்ப்போம். காலைக் குளிர்ச்சியில் பால் நன்கு சுரக்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆகவே மரம் வெட்டுவோர் வைகறையிலேயே எழுந்து வெட்டுக்குச் செல்வர். நண்பகலுக்குப் பின் வேலை ஓயும். இரவில் விரைவில் விளக்கணையும். இவ்வாழ்வில் மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணிவரையே திரைக்குரிய பொழுது. இரவு பதினொரு மணிக்குத் தொடங்கும் தமிழ்த் திரைப்படம் மணிக்கணக்கில் இரண்டரை மணி நேரம் எனப் பதிவாகும். மறுநாள் வைகறையில் வெட்டுக்குச் செல்லவேண்டியவருக்கோ அது ஒரு நிமிடமும் இல்லை. நகர அலுவலகத்தில் ஒன்பது மணிக்குப் பணி தொடங்குபவருக்கு அதே திரைப்படம் முழுமையாகக் கிட்டும். ஒரே நிரல் இருவேறு தமிழர்க்கு இருவேறு பனுவலாக நிற்கின்றது. தமிழுக்கு எத்தனை மணி என்பதோடு, எந்தத் தமிழரின் பொழுதில் அம்மணி விழுந்தது என்றும் கேட்டாக வேண்டும்.

நிலம்

யு.எச்.எஃப். நிலையங்களைப் பொறுத்தவரை நிலம் இன்னும் கடுமையான வரையறை. தொலைக்காட்சிக்குரிய வி.எச்.எஃப். மேற்பட்டை ஏறத்தாழ 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது, யு.எச்.எஃப். 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது. அலைவெண் கூடக் கூட அலைநீளம் குறையும். குறுகிய அலை குன்றின் மறைவில் எளிதில் வளைந்து புகுவதில்லை. அடர்ந்த மரத்தழையிலும் மிகுதியாக வலுவிழக்கும். கோபுரத்தின் பார்வை எட்டாத இடத்தில் படம் புள்ளியாய்ச் சிதறும்.

இவ்விடர்ப்பாடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1952இல் யு.எச்.எஃப். அலைவரிசைகள் திறந்துவிடப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பரில் போர்ட்லாந்து நகரில் முதல் வணிக யு.எச்.எஃப். நிலையம் தொடங்கிற்று. ஆயின், வீடுகளில் இருந்த பெட்டிகளுட் பல அவ்வலைகளைப் பெறும் திறனற்றவை. நிலையங்கள் பல சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. புதிய பெட்டிகள் அனைத்தும் எல்லா அலைவரிசைகளையும் பெறவேண்டும் என்னும் சட்டம் 1962இல் வந்து, 1964இல்தான் நடைமுறையானது. அதற்கு முன் மறைந்த நிலையங்களுக்கும் ஒழுங்கான நிரல் இருந்தது. அதனைக் காணும் பெட்டிதான் இல்லை.

பாயா ரும்புட் மலாக்கா நகரின் வடமேற்கே உள்ளது. கோலாலம்பூரிலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அதற்குக் கிழக்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி 1,276 மீட்டர் உயர குனோங் லேடாங் நிற்கின்றது. மலாக்காவுக்கும் வட ஜொகூருக்கும் ஒலியலையும் ஒளியலையும் அனுப்பும் கோபுரங்கள் அங்கே உண்டு. மெட்ரோவிஷனோ தொடக்கத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கையே முதன்மையாகக் கொண்ட நிலையம். பெயரிலேயே பெருநகரைச் சுமந்தது. கோலாலம்பூரில் அச்சாகும் நாளிதழ் லாரியேறி மாநிலந்தோறும் ஒரே பக்கத்தைக் கொண்டுசெல்லும். கோபுரத்து அலைக்கு லாரி இல்லை. தோட்டத்து லயத்தில் ஒருவர் ஒரு நிலையத்தின் நிரலைத் தெளிவாகப் படிக்கவும், அதே நிலையத்தைத் தம் ஏரியலில் பெறாமற் போகவும் இயலும். இவ்விடைவெளியை எந்த மணிக்கணக்கும் காட்டாது.

1996இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள ஒளிபரப்பும் அதனூடே வானவில் அலைவரிசையும் வந்தபோது இச்சிக்கல் உருமாறிற்று. வானத்தை நோக்கிய தட்டுக்குக் குன்றும் செம்பனையும் பெருந்தடையல்ல. நிலத்தின் தடை நீங்கிய இடத்தில் மாதக் கட்டணம் என்னும் தடை எழுந்தது. எனவே, 1990களின் பிற்பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பம் எதைக் கண்டது என்பதை அதன் ஊர், ஏரியல், வருவாய் ஆகிய மூன்றுமே முடிவு செய்தன. நிரல் இவற்றுள் ஒன்றையும் பேசவில்லை.

ஒரு மறுப்பும் விடையும்

‘நிரல் ஓர் ஒளிபரப்பு நிறுவனத்தின் கொள்கையைக் காட்டும் சான்று, அதனிடம் பார்வையாளரின் வாழ்வைத் தேடுவது பொருந்தாது’ எனச் சிலர் மறுக்கலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. எம்மொழிக்கு எப்பொழுதைத் தருவது என்னும் முடிவு கொள்கையே. அதனை அறிய நிரலினும் சிறந்த சான்று இல்லை. ஆயினும், கொள்கையின் வரலாற்றை எழுதிவிட்டு அதற்குத் தமிழர் தொலைக்காட்சி வரலாறு எனப் பெயரிடும்போதே பிழை நேர்கின்றது. அங்ஙனம் எழுதப்படும் வரலாறு தலைநகரத் தமிழரின் வரலாறாகச் சுருங்கும். தோட்டத்துத் தமிழர் அதில் எண்ணாக இருப்பர், பார்வையாளராக இரார்.

முடிவுரை

மலேசியாவில் தொடரிசைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019இல் நிறுத்தப்பட்டு இலக்கமுறை நிலைபெற்றது. 1924இல் தோன்றிய தமிழ் நேசனும் அதே 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. நிரலைப் பெற்ற அலையும், செய்தியைச் சுமந்த தாளும் ஒரே ஆண்டில் நம்மைவிட்டு அகன்றன. மெட்ரோவிஷன் காலத்தில் முப்பது வயதில் இருந்தோர் இன்று அறுபதைத் தொட்டுள்ளனர். தோட்டங்களை விட்டுத் தாமான்களில் குடியேறியோர் அவர்களுட் பலர்.

ஆகவே இரு பணிகள் உடனடியாகத் தேவை. நூலகங்களில் உள்ள பழைய தமிழ் நாளிதழ்களின் தொலைக்காட்சிப் பக்கங்களைத் தேதிவாரியாகத் தொகுத்தல் ஒன்று. அத்தொகுப்பை எடுத்துச் சென்று, பாயா ரும்புட் போன்ற ஊர்களில் உள்ளோரிடம் ‘இதில் உங்கள் வீட்டுக்கு வந்தது எது? விழித்திருந்து கண்டது எது?’ எனக் கேட்டுப் பதிதல் மற்றொன்று. முன்னதை நம் மாணவர் பின்னாளிலும் செய்யலாம். பின்னதற்கு இன்னும் சில ஆண்டுகளே உண்டு. எனவே இரண்டாவதையே முதலில் தொடங்குதல் வேண்டும்.