ரயிலடியில் ஓர் இரவு: சேது வழி விடுதிகளை எப்படி ரசிப்பது?

ராமேஸ்வரத்தில் அறை தேடுபவர்கள் முதலில் கேட்பது, கோயிலுக்கு எவ்வளவு பக்கம் என்பதைத்தான். கிழக்குக் கோபுரத்திலிருந்து நாலு எட்டில் அறை, ஜன்னலைத் திறந்தால் அக்னி தீர்த்தம் என்றால் வாடகை கூடுதலானாலும் சரி என்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஒருமுறையாவது ரயிலடியில் தங்கிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். போகும்போது மதுரை ஜங்ஷனுக்கு எதிரே ஓர் இரவு, மறுநாள் ராமேஸ்வரம் ஸ்டேஷன் பக்கம் ஓர் இரவு. இந்த இரண்டு இரவுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் சேது யாத்திரை எப்படிப்பட்ட பயணமாக இருந்தது என்பது உடம்புக்குப் புரியும்.

ரயில் வருவதற்கு முன்பு சேதுவுக்கு, அதாவது ராமேஸ்வரத்துக்கு, போவதென்றால் நடைதான். வசதியுள்ளவர்களுக்கு மாட்டு வண்டி, பல்லக்கு. காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்துகொண்டு நடந்தே வந்தவர்கள் உண்டு. ஒரு நாள் நடை எங்கே முடிகிறதோ அங்கே ஒரு சத்திரம், ஒரு குளம் அல்லது கிணறு, ஒரு மரம். யாத்திரை முழுக்க இப்படித் தங்கித் தங்கிப் போவதுதான். விடுதியைப் பயணத்திலிருந்து தனியாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் நமக்குப் பிற்பாடு வந்தது.

மதுரையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜங்ஷனை விட்டு வெளியே வந்ததும் நேரெதிரே ராணி மங்கம்மாள் சத்திரம். ஸ்டேஷன் வந்ததால் எதிரே சத்திரம் கட்டினார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆண்டுகளைப் பாருங்கள். பேரன் விஜயரங்க சொக்கநாதன் கைக்குழந்தையாக இருந்ததால் மங்கம்மாள் 1689-ல் மதுரை நாயக்கர் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, சுமார் 15 ஆண்டுகள் நடத்தினார். சாலை போட்டதும், அதன் ஓரத்தில் மரம் நட்டதும், கிணறு வெட்டியதும், சத்திரம் கட்டியதும்தான் அவர் பேரை இன்றும் ஜனங்கள் வாயில் வைத்திருக்கின்றன. தெற்கே பல ஊர்களில் பழைய சாலையை மங்கம்மாள் சாலை என்றே சொல்கிறார்கள். திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். ஏறக்குறைய 170 ஆண்டு கழித்து, சத்திரத்தின் முகத்துக்கு எதிரே வந்து நின்றது ரயில். வழிப்போக்கர் இறங்கும் இடம் எது என்பதை அந்த ராணி முன்பே தீர்மானித்துவிட்டார்.

கட்டடத்தில் எது அந்தக் காலத்தது, எது பின்னால் சேர்ந்தது என்று தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். இடத்தைப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு மேல், வெளியூர் ரயில்கள் வந்து இறங்கும் நேரத்தில், எதிர்ப்பக்கம் ஒரு டீயை வாங்கிக்கொண்டு நில்லுங்கள். இறங்கியவர்கள் வெளியே வந்ததும் ஒரு கணம் தயங்குவார்கள். மூட்டையைக் கீழே வைப்பார்கள். பிள்ளைகளை எண்ணுவார்கள். அப்புறம்தான் எந்தப் பக்கம் போவது என்ற பேச்சு. முந்நூறு ஆண்டுக்கும் மேலாக அந்த இடத்தில் நடப்பது இதுதான்.

தங்குவதற்கு டவுன்ஹால் ரோட்டிலும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. காலேஜ் ஹவுஸ் மாதிரி பெயர் பெற்ற பழைய விடுதியும் அங்கேதான். பழைய கட்டடமாகப் பார்த்து எடுங்கள். கவுண்டரில், "பின்பக்க அறை அமைதியா இருக்கும் சார்" என்பார்கள். தயங்காமல் முன்பக்கம் கேளுங்கள். ரயிலடி விடுதியில் அமைதியைத் தேடுபவர் வேறு இடம் பார்ப்பது நல்லது. இங்கே ரசிக்க வேண்டியதே சத்தம்தான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து மூன்று மொழியில் வரும் ஊர்ப் பெயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாதி ஊர்களுக்கு நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். போக வேண்டும் என்று தோன்றும்.

லெட்ஜரில் கையெழுத்துப் போடும்போது அவசரப்படாதீர்கள். எங்கிருந்து வருகை, எங்கே செல்கிறீர்கள் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். உங்களுக்கு மேலே எழுதியிருப்பவர்களின் ஊர்களை ஒரு பார்வை பாருங்கள், போதும். பெயர் நமக்கு வேண்டாம். அறைக்குப் போனதும் விளக்கைப் போடுமுன் மேலே அண்ணாந்து பாருங்கள். உயரமான கூரை, கதவுக்கு மேலே காற்றுப் போக்கி, சுவரிலேயே பதித்த அலமாரி, துணி மாட்ட வரிசையாக ஆணிகள், சிவப்புச் சிமெண்டுத் தரை. இதெல்லாம் ஏசி வராத நாளில் வெயிலோடு மல்லுக்கட்டக் கண்டுபிடித்த உபாயங்கள். வெறுங்காலோடு அந்தத் தரையில் நடந்தால் காரணம் தெரியும்.

படுக்குமுன் நினைத்துப் பார்க்க ஒரு விஷயம் சொல்கிறேன். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் சாலை நெடுகச் சத்திரங்கள் வைத்து நடத்தினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. 1801-ல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாடு கைவிட்டுப் போன நேரத்தில், இந்தச் சத்திரங்களையாவது தன் பொறுப்பிலேயே விட்டுவைக்க வேண்டும் என்று கேட்ட கடிதம் அது. சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்கிறார். எந்தச் சாதிக்காரர் வந்தாலும் சோறு. நோய்ப்பட்டவருக்கு வைத்தியர். கர்ப்பிணிக்குத் தனிக் கவனிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்கள்; அதுவரை சாப்பிடாத யாராவது இருந்தால் வந்து சாப்பிடலாம் என்று அழைக்கும் மணி. ஒரு ராஜா தன் அரசே போய்விட்ட வேளையில் பாதிராத்திரிச் சோற்றைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இன்னும் நெஞ்சை அடைக்கிற செய்தி. ரயிலடியில் நள்ளிரவு தாண்டியும் அடுப்பு அணையாத இட்லிக் கடையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மணிதான் நினைவுக்கு வரும்.

காலையில் ராமேஸ்வரம் பாசஞ்சரைப் பிடியுங்கள். சுமார் 160 கிலோமீட்டர். மதுரையிலிருந்து மண்டபம் வரை தண்டவாளம் போட்டு முடித்தது 1902-ல். நடைப் பாதை போன திசையிலேயே ரயிலும் போகிறது. திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, சத்திரக்குடி என்று ஊர்கள் வரும். மானாமதுரை தாண்டினால் கருவேல முள்ளும் பனையும் காய்ந்த கண்மாயும்தான். இந்த வறண்ட நிலத்தில் தண்ணீர்ப்பந்தல் வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று ஜன்னல் வழியே பார்த்தால் போதும். இங்கே ஆண்டவர்களுக்குச் சேதுபதி என்ற பட்டமே சேதுவுக்குக் காவலர் என்பதால் வந்தது. யாத்திரிகருக்குச் சோறும் நீரும் நிழலும் பாதுகாப்பும் தருவதை அவர்கள் அரசக் கடமையாகவே நடத்தினார்கள். எஸ்.எம். கமால் தொகுத்த சேதுபதி செப்பேடுகளைப் புரட்டினால், கோயிலுக்கும் மடத்துக்கும் சத்திரத்துக்கும் ஊர் ஊராக எழுதிவைத்ததைப் பார்க்கலாம்.

நேரம் இருந்தால் ராமநாதபுரத்தில் இறங்கி அரண்மனையின் ராமலிங்க விலாசத்தைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். போர், வேட்டை, வெள்ளைக்காரர்களை வரவேற்பது, அந்தப்புரம் எல்லாம் உண்டு. அடுத்த ரயிலில் ஏறிவிடலாம்.

மண்டபத்தை நெருங்கும்போது கதவோரம் வந்துவிடுங்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கும்வரை யாத்திரிகர்கள் இங்கே தோணி ஏறித்தான் தீவுக்குப் போனார்கள். அந்தப் பாலம் நூற்றாண்டைத் தாண்டி உழைத்து, 2022 டிசம்பரில் ஓய்ந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயிலே இல்லை. மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் ஏறியவர்கள், கொஞ்ச காலத்துக்குப் பழைய யாத்திரிகரின் நிலையைத் தெரிந்துகொண்டார்கள். இப்போது கப்பல் போக 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. பழைய பாலம் இதன் பக்கத்திலேயே ஓடியது. அந்த இரும்பில்தான் கொழும்புக்குப் போகிறவர்களின் போட் மெயில் போனது.

ராமேஸ்வரம் ஸ்டேஷனில் இறங்கினால் இதற்கு மேல் ரயில் இல்லை. ஆனால் இது எப்போதும் கடைசி ஸ்டேஷனாக இருந்ததில்லை. பாம்பனில் பாதை பிரிந்து, ஒன்று ராமேஸ்வரத்துக்கும் ஒன்று தனுஷ்கோடிக்கும் போனது. எழும்பூரில் ஏறிய போட் மெயில்காரர்கள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து வேறு ரயிலில் கொழும்பு சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, பத்திரிகைக் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்து சாலையோரம் வீசுவார்கள்; அதைப் பிடித்துக் கொடுத்த பையன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி ஊரும், அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் அதில் இருந்தவர்களும் கடலோடு போனார்கள். அங்கே மறுபடி தண்டவாளம் போடவில்லை. இன்றும் தனுஷ்கோடியில் இரவு தங்க அனுமதி இல்லை. இந்தியக் கரையில் தலைசாய்க்கக் கிடைக்கும் கடைசி இடம் ராமேஸ்வரம்தான்.

ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் அறை எடுக்கும்போது 24 மணி நேர வாடகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மதியம் வந்து மறுநாள் மதியம் கிளம்புகிறவர்களுக்கு அதுதான் சரி. இங்கேயும் முன்பக்க அறையே நல்லது. பனாரஸ், ஓகா, அயோத்தி, புவனேஸ்வர் என்று எங்கெங்கிருந்தோ வரும் ரயில்களின் கூட்டம் வாசலைக் கடந்து போவதைப் பார்க்கலாம். தலையில் மூட்டை, கையில் கங்கை நீர்ச் செம்பு, மூன்று நாள் பயணக் களைப்பு. குஜராத்தி, மராத்தி, வங்காளம் எல்லாம் ஒரே மாடிப் படியில் கேட்கும். மொட்டைமாடிக்குப் போக விடுவார்களா என்று ரூம் பையனிடம் கேளுங்கள். கொடியில் காயும் ஈரத் துணிகளின் சாயமும் கரையும் கட்டும் விதமும் ஊருக்கு ஊர் வேறு. எந்தப் புடவை எந்த ஊர் என்று பார்ப்பதிலேயே அரை மணி போகும். ஜன்னல் கம்பியில் துரு, கைப்பிடியில் பிசுபிசுப்பு, சுவரில் பெயின்ட் உரிசல் எல்லாம் இருக்கும். உப்புக்காற்று செய்கிற வேலை. நிர்வாகத்தின் மேல் கோபப்பட வேண்டாம். அழுக்கு வேறு, துரு வேறு. படுக்கை விரிப்பும் குளியலறையும் சுத்தமாக இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சாயங்காலம் கோயிலுக்குப் போய் மூன்றாம் பிரகாரத்தை மட்டும் நடந்துவிட்டு வாருங்கள். தரிசனத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் படுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், பிறகு அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல், அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தம். ஈரத் துணியோடு சன்னிதிக்குப் போகக் கூடாது என்பதால் உடை மாற்ற வேண்டும். கோயிலை ஒட்டித் தங்கியவர்கள் ஐந்து நிமிஷத்தில் மாற்றிக்கொண்டு ஓடுவார்கள். நீங்கள் மாற்றுத் துணியைப் பையில் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். இது ஒன்றுதான் ரயிலடியில் தங்குவதில் உள்ள அசௌகரியம். தரிசனம் முடிந்து வெயில் ஏறுமுன் நடந்தே திரும்பலாம். அதிக தூரம் இல்லை. இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரில் நனைந்த உடம்போடு, மின்விசிறிக்கு அடியில் அந்தக் கட்டிலில் தூங்கும் முற்பகல் தூக்கம் இருக்கிறதே, அதற்காகவே அறையை மதியம் வரை வைத்திருக்க வேண்டும்.

திரும்பும் ரயில் பகல் வெளிச்சத்தில் பாலம் கடப்பதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தங்கச்சிமடம், அடுத்து அக்காள்மடம். இரண்டும் தீவில் உள்ள ஊர்கள். இங்கே ஒரு கதை சொல்வார்கள். சேதுபதி ஒருவரின் மருமகன் பாம்பன் பொறுப்பில் இருந்தபோது, கடல் கடக்க வந்த யாத்திரிகரிடம் காசு வசூலித்தானாம். வழிப்போக்கரிடம் வரி வாங்கியதை மன்னரால் பொறுக்க முடியவில்லை. மரண தண்டனை கொடுத்துவிட்டார். அவனை மணந்திருந்த அவருடைய இரண்டு மகள்களும் உடன்கட்டை ஏறினார்கள். அவர்கள் நினைவாக எழுந்தவைதான் இந்த இரண்டு மடங்கள், யாத்திரிகர் காசில்லாமல் தங்கிப் போவதற்காக. அக்காள்மடம் தாண்டினால் பாம்பன். பையை மேலே ஏற்றிவிட்டு ஜன்னலுக்கு வந்துவிடுங்கள், ரயில் வேகம் குறையும்.