மனக்கோட்டையும் மனக்கோயிலும்

கருதியதனை முடிக்கும் வேட்கையும், அது முடியுமளவும் தளராத முயற்சியும் உடையாரே உலகிற் பெரும்பேறு எய்துவர் என்பது யாவரும் ஒப்புவதோர் உண்மை. எனினும், அவ்விரண்டும் அமைந்தவிடத்து விளைந்த பேறெல்லாம் நிலைபெறுவனவோ என்பது ஆராய்தற்குரியது. மாமல்லபுரத்திற்குத் தெற்கே, இடைக்கழிநாட்டுக் கடப்பாக்கத்தின் கடலோரத்திற் சிதைந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை இவ்வாராய்ச்சிக்குத் தோற்றுவாய் ஆகும். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராயிருந்த தூப்ளே என்பார் தென்னாட்டில் தம் நாட்டார் ஆதிக்கத்தை நிறுவக் கருதி, ஊக்கமும் சூழ்ச்சியும் குறையாது உழைத்தவர். 1750-இல் முசாபர் சங்கு அக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்க்கு அளித்தார். 1754-இல் தூப்ளே தாய்நாட்டிற்குத் திருப்பி அழைக்கப்பட்டார். 1760-இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றி இடித்தனர். 1763-இல் அவர் பாரிசு நகரில் வறுமையுற்று மறைந்தார். அவரிடத்து வேட்கையும் குறைந்ததன்று, முயற்சியும் குறைந்ததன்று. குறைந்தது யாது?

அவ்வினாவிற்கு விடை, முன்னர்ச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்து இப்பொழுது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருநின்றவூரிற் கிடைக்கும். ஆங்கு வாழ்ந்த பூசலார் நாயனார், சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விழைந்து, எங்கும் பொருள் தேடி வருந்தியும் பெறாராய், மனத்தின்கண்ணே கோயில் எடுத்த வரலாறு சைவர் அனைவரும் அறிந்ததே. அதனைக் கற்போருள் ஒரு சாரார், 'செய்ய மாட்டாதவர் நினைவில் ஆறுதல் கண்டார்; ஏழையின் மனக்கோட்டைக்கு இறைவன் இரங்கினான்' என்று பொருள் கொள்வர். அப்பொருள் சேக்கிழார் திருவுள்ளத்திற்கு ஒவ்வாதது.

திருத்தொண்டத்தொகையிற் பெயரளவாய்ப் போற்றப்பெற்று, நம்பியாண்டார் நம்பிகளால் ஓர் அந்தாதிச் செய்யுளிற் சுருங்கக் கூறப்பெற்ற அடியாரைச் சேக்கிழார் விரித்துரைக்கும் முறையை நோக்குக. நினைவாற் பொருள் தேடுவோன் மலையளவு பொன்னை ஒரு நொடியில் நினைந்துகொள்ளலாம், தடுப்பார் எவருமிலர். பூசலாரோ, நினைவிலும் தினையளவு முதலாகவே தேடித் திரட்டினார் என்கின்றது பெரியபுராணம். பின்னர்க் கருவிகளையும் தச்சரையும் தேடினார். நல்ல நாள் கொண்டார். ஆகம முறைப்படி அடிநிலை இட்டார். இரவிலும் கண்துயிலாது பணிசெய்தார். உபானம் முதற் சிகரம் ஈறாக ஒவ்வொரு படையும் முழக்கணக்கில் அமைந்து நெடுநாளில் நிரம்பியது. தூபி நட்டுச் சுதைவேலையும் முடித்த பின்னரும் கூவல், மதில், வாவி என எஞ்சிய எதனையும் அவர் விட்டிலர்.

குன்றத்தூரிற் கோயில் எடுப்பித்தவர் என்று வரலாறு கூறும் சேக்கிழார், கட்டடப் பணியின் படிமுறை அறிந்தவர். அவர் இத்துணை வேலைகளையும் ஒழுங்காய் நிரல்படுத்தியது அழகு கருதியன்று. மனக்கோட்டை கட்டுவோன் உழைப்பை விடுத்துப் பயனை மட்டும் நினைக்கின்றான். பூசலார் உழைப்பு முழுவதையும் நினைந்தார். இவ்வேறுபாடே அப்புராணத்தின் உயிர்நிலை ஆகும்.

இனி, காடவர்கோன் திறத்தை நோக்குவோம். அவனைக் காஞ்சிக் கயிலாசநாதர் கற்றளியை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த இராசசிம்ம பல்லவன் என ஆராய்ச்சியாளர் கொள்வர். அக்கோயிற் கல்வெட்டு அவனைச் சைவ சித்தாந்த நெறியால் மலம் நீங்கியவன் எனவும், அசரீரி வாக்குக் கேட்டவன் எனவும் புகழ்கின்றது. இறைவன் அவனது கற்றளியை வேண்டாவென்று விலக்கினானல்லன். நின்றவூர் அன்பனது கோயிலுக்கு நாம் புகுவதனால் நின் விழாவினைப் பின்னர் வைத்துக்கொள்க என்று மட்டுமே கனவில் அருளினான். அரசன் சினங்கொள்ளாது தானே சென்று அடியார் அடி பணிந்தான். ஆதலின், செல்வம் குற்றமுமன்று, வறுமை குணமுமன்று.

சைவ சித்தாந்தம் இச்சையை அறவே இகழ்வதன்று. இச்சை, ஞானம், கிரியை என்பன உயிர்க்கு உரிய ஆற்றல்களே. ஆணவத்தால் மறைப்புண்ட அவற்றுட் கிரியையைக் கலையும், ஞானத்தை வித்தையும், இச்சையை அராகமும் சிறிது விளக்கி நிற்கும். ஆகவே வேட்கை தானே மலமன்று. 'யான், எனது' என்னும் செருக்கு அதனைப் பற்றும்பொழுதே கேடு விளைகின்றது. தூப்ளேயின் கோட்டை பிறரை அடக்கும் ஆட்சிக்குக் கருவியாயிற்று. ஆட்சி சாய்ந்தபொழுது உடன் சாய்ந்தது. பல்லவனது கற்றளி தன்னினும் உயர்ந்தோனுக்கென எழுந்தமையின், அவன் குலம் மறைந்த பின்னரும் வழிபாட்டில் நிற்கின்றது.

பூசலாரின் வேட்கை தூயதென்பதற்குச் சான்று அரசன் வந்த பின்னரே வெளிப்படுகின்றது. கற்றளி எடுக்க வல்ல வேந்தன் தம்முன் வணங்கி நிற்க, அவர் ஒரு சொற் கூறியிருப்பின் நின்றவூரிற் கல் குவிந்திருக்கும். அவர் அங்ஙனம் வேண்டியதாகச் சேக்கிழார் கூறிற்றிலர். தம்மையும் ஒரு பொருளாக இறைவன் எண்ணினனே என்று நடுங்கிய அவர், குறித்த நற்பொழுதில் அகத்தே தாபனம் செய்து, பின்னும் நெடுநாள் வழுவாது பூசனை ஆற்றினார். பேறு கிடைக்குமளவும் உழைப்பார் பலர். கிடைத்த பின்னும் அதே பணியில் அமைந்து நிற்பார் சிலரே. அங்ஙனம் நிற்றற்கு முயற்சி ஒன்றே சாலாது, தன்முனைப்பின்மையும் வேண்டும். பொருளில்லை என்று நற்பணியைத் தொடங்காதிருப்பார்க்கும், பொருளுண்டு என்று தம் பெயர் விளங்கக் கட்டுவார்க்கும் பூசலார் புராணம் ஒருங்கே கூறும் அறிவுரை இதுவாகும்.