துர்ப்பாக்கியம் என்றொரு சொல்

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் ஓட்லி என்ற ஊர். அங்கே தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. பிராம்ஹோப் ரயில் சுரங்கப்பாதையை 1845லிருந்து 1849வரை தோண்டியபோது செத்துப்போன தொழிலாளர்களுக்காக எழுப்பியது. 24 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சின்னத்தின் உருவம் என்ன தெரியுமா? அதே சுரங்கத்தின் வடக்கு வாசல், கோட்டைக் கொத்தளங்களோடு, சிறிய அளவில். ஆளை விழுங்கியதே ஆளுக்கு அடையாளமாகிவிட்டது.

அதன் அர்ப்பணிப்பு வாசகத்தை ஒரு பிரதியாக வாசிப்போம். இறந்தவர்களை அது 'துர்ப்பாக்கியசாலிகள்' என்று மொத்தமாகச் சொல்லி முடித்துக்கொள்கிறது. அதில் பெயரோடு வருபவர் செலவில் பங்கேற்ற ஒப்பந்தக்காரர் ஜேம்ஸ் ப்ரே.

துர்ப்பாக்கியம் என்று சொல்லிவிட்டால் யாரும் பொறுப்பில்லை. ஆனால் அதே காலத்துச் சாட்சியம் வேறு கதை சொல்கிறது. 1845இல் திறக்கப்பட்ட உட்ஹெட் சுரங்கத்தில் 32 பேர் செத்தார்கள். பாறையில் துளைபோட்டுக் கருமருந்தைக் கெட்டிக்க அங்கே இரும்புக் கம்பி. பாறையில் உரசினால் பொறி பறக்கும். செம்பில் அந்த ஆபத்து குறைவு, ஆனால் செம்பு வளைந்துவிடும். 1846இல் பாராளுமன்றக் குழு, பாதுகாப்பான திரியைப் பற்றிப் பொறியாளர் வெலிங்டன் பர்டனிடம் கேட்டது. அவர் ஒன்றும் மழுப்பவில்லை. அதில் நேரம் வீணாகும், தப்பிக்கிற உயிர்களுக்காக அந்த நேரத்தை இழக்கச் சொல்லமாட்டேன் என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார்.

பிராம்ஹோப்பிலும் இதே திரிதான் என்று சொல்லவரவில்லை. இப்படிக் கணக்குப்போட்ட ஒரு தொழிலில் நடந்த சாவுகளை விதியின் தலையில் கட்டுகிற மொழியைத்தான் கேள்வி கேட்கிறோம்.

அதற்காகச் சின்னத்தை முதலாளியின் பாசாங்கு என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. தொழிலாளர்களும் காசு போட்டார்கள் என்று அதே வாசகம் சொல்கிறது. கூட வேலை செய்தவனுக்காகக் கூலியிலிருந்து எடுத்த காசு. அந்தத் துக்கம் நிஜம். ஆனால் துக்கப்பட்டவர்களுக்கும் அங்கே பெயரில்லை.

நாம மட்டும் என்ன செய்கிறோம்? 'பலியானார்கள்', 'உயிர்நீத்தார்கள்' என்று எழுதுகிறோம். வாக்கியத்தில் செத்தவன் மட்டும் எழுவாய். யாரு, எதை மிச்சம்பிடிக்கப்போய் அவன் செத்தான் என்பதற்கு அதில் இடமே கிடையாது. அஞ்சலி எழுதுகிறவர்கள் முதலில் இந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும்.